வளைவும் வண்ணமும்: சமையலறை மேசையில் முதல் அரூப லினோ அச்சு

அச்சோவியம் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். வலது கையில் உளி, இடது கையில் லினோ கட்டை (லினோலியம் என்ற தரைவிரிப்புப் பொருளின் துண்டு; வெட்டிய பள்ளம் அச்சாகாது, விட்டுவைத்த மேடுதான் மை வாங்கி அச்சாகும்). வளைவை வெட்டுவது எந்தக் கை? எல்லாரும் வலது கையைத்தான் காட்டுவார்கள். நானும் அப்படி நம்பித்தான் முதல் ஓராண்டு முழுவதும் உடைந்த வளைவுகளை வெட்டிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி வெட்டியதில் வட்டம் எல்லாம் எண்கோணமாக வந்தது. உளி நேராகத்தான் போகும், அதன் இயல்பு அது. வளைவு வர வேண்டுமென்றால் உளிக்குக் கீழே இருக்கும் கட்டை திரும்ப வேண்டும். அதைத் திருப்புவது இடது கை. (இடது கைக்காரர்கள் இந்தக் கட்டுரை முழுவதையும் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.)

வண்ணத்திலும் இதே போன்ற ஒரு மயக்கம் உண்டு. நான்கு நிறம் வேண்டுமென்றால் நான்கு டப்பா மை வாங்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஒளி ஊடுருவும் மையாக இருந்தால் அச்சிட இரண்டு மை போதும். ஒன்றன் மேல் ஒன்று விழும் இடத்தில் மூன்றாவது நிறம் தானாக வரும். அச்சு விழாத இடத்தில் காகிதத்தின் வெள்ளை நான்காவது நிறமாக நிற்கும். இரண்டு கட்டை, இரண்டு மை, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இரண்டு வளைவுகள். இந்தக் கட்டுரையில் நாம் செய்யப்போவது அவ்வளவுதான். அளவு 15 செ.மீ.க்கு 20 செ.மீ. அச்சு இயந்திரம் வேண்டாம், ஒரு மரக்கரண்டி போதும்.

இந்த வழி என் கண்டுபிடிப்பு அல்ல. லண்டனில் கிராவ்னர் நவீன ஓவியப் பள்ளியில் 1926 முதல் 1930 வரை லினோ அச்சு கற்பித்த கிளாட் ஃபிளைட் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அதுவரை வண்ண அச்சென்றால் கறுப்பில் கோட்டு வடிவத்தை அச்சிட்டு, அதற்குள் நிறம் நிரப்புவது பெருவழக்காக இருந்தது. அந்தக் கறுப்புக் கோட்டுக் கட்டையே வேண்டாம், நிறமும் நிறமும் மோதும் விளிம்பே கோடாக இருக்கட்டும் என்றார் அவர். குடைக் கம்பியைத் தீட்டி உளியாக்கலாம் என்று சொல்கிற அளவுக்குச் சிக்கனக்காரர். அவருடைய மாணவியான சிபில் ஆண்ட்ரூஸ் 1929-இல் செய்த 'கன்சர்ட் ஹால்' என்ற அச்சை இணையத்தில் தேடிப் பாருங்கள். அரங்கத்தின் மாடங்கள் வளைவுக்குள் வளைவாகச் சுழல்கின்றன. எந்த இடத்திலும் வெளிக்கோடு கிடையாது. எந்தப் பொருளையும் காட்டாத முழு அரூபம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதிலிருந்து அரூபத்துக்கு ஓர் எட்டுதான்.

பிக்காசோ 1950-களின் கடைசியில் தென் பிரான்சில் ஒரே கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்துக்கொண்டே பல நிறங்களை அச்சிட்டுப் புகழ் பெற்ற முறையும் உண்டு. அழகான முறைதான். ஆனால் முதல் முயற்சிக்கு அதைத் தொட வேண்டாம். இரண்டாம் நிறத்துக்கு வெட்டிவிட்டால் முதல் நிறத்தை மறுபடி அச்சிட வழியே இல்லை. புதிதாகப் பழகுகிறவருக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தாக வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன்

லினோலியம் ஆளி விதை எண்ணெய், தக்கைத் தூள், பிசின் ஆகியவற்றைக் கலந்து சணல் துணிமேல் பரப்பிச் செய்வது. 1860-களில் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் வால்டன் இதைத் தரைவிரிப்பாகத்தான் உருவாக்கினார். இப்போது நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் 'லினோலியம்' என்று கேட்டால் பிளாஸ்டிக் தரைவிரிப்பை எடுத்துப் போடுவார்கள். நானும் ஒருமுறை மூன்று மீட்டர் வாங்கி ஏமாந்தேன். உளி அதில் இறங்காது. இறங்கினாலும் விளிம்பு பிசிறும். முகர்ந்து பாருங்கள். ஆளி விதை எண்ணெய் வாசம் வர வேண்டும், பின்புறத்தில் சணல் நெசவு தெரிய வேண்டும். ஓவியப் பொருள் கடைகளில் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில், சுமார் 3 மி.மீ. தடிப்பில் கிடைக்கும். ஒரே அளவில் இரண்டு துண்டுகள் வாங்குங்கள்.

உளிகள் இரண்டு போதும்: 'வி' வாய் உள்ள மெல்லியது ஒன்று, 'யூ' வாய் உள்ள அகலமானது ஒன்று. பத்து உளி கொண்ட மலிவுப் பெட்டியைவிடக் கூரான இரண்டு உளி மேல். மழுங்கிய உளிதான் வழுக்கிக் கையில் ஏறும், கூரான உளி சொன்னபடி கேட்கும்.

மைக்கு இரண்டு வழி. சோப்பில் கழுவக்கூடிய எண்ணெய் மைகள், காலிகோ சேஃப் வாஷ் போன்றவை, நல்லவை, விலைதான் கூடுதல். மற்றொன்று நம் ஊர் வழி. சிவகாசி முதல் திருவல்லிக்கேணி வரை எல்லா அச்சகங்களும் பயன்படுத்தும் ஆஃப்செட் மை. அதில் மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயன் (பச்சை கலந்த நீலம்) ஆகிய மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து படமாக வேண்டியவை என்பதால் அவற்றை ஒளி ஊடுருவும்படியே தயாரிக்கிறார்கள். நமக்கு வேண்டியதும் அதுவே. கூடவே கொஞ்சம் கறுப்பும், 'டிரான்ஸ்பரன்ட் ஒயிட்' ஒரு டப்பாவும் கேட்டு வாங்குங்கள். பெயரில் ஒயிட் இருந்தாலும் 'டிரான்ஸ்பரன்ட் ஒயிட்' வெள்ளை அல்ல, நிறமற்ற பசை. மையை நீர்க்கவைக்காமல் வெளிறச் செய்வது. கடைக்காரர் சாதாரண வெள்ளையைக் கொடுத்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளை கலந்தால் மை சுண்ணாம்பு அடித்ததுபோல் மூடிக்கொள்ளும், அடியில் இருக்கும் நிறம் தெரியாது, நம் திட்டம் அங்கேயே முடிந்தது. ஆஃப்செட் மையைத் தொடும்போது கையுறை அணியுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள்.

காகிதம் மெல்லியதாக இருக்கட்டும். நேபாளத்தின் லோக்தா, ஜப்பானின் கோசோ போல நார் நீண்ட காகிதங்கள் கரண்டித் தேய்ப்புக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். கையால் செய்த தடித்த பருத்திக் காகிதம் கண்ணுக்கு அழகுதான், ஆனால் அதற்கு அச்சு இயந்திரத்தின் அழுத்தம் வேண்டும். இவற்றோடு 10 செ.மீ. அகல ரப்பர் ரோலர், ஒரு கண்ணாடித் தகடு, பட்டைக் கத்தி, வழவழப்பான மரக்கரண்டி, சமையல் எண்ணெய், பழைய செய்தித்தாள். கடைசியாக ஒரு மணல் மூட்டை. அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

கத்தரிக்கோலால் வரையுங்கள்

பென்சிலை எடுக்காதீர்கள். பென்சிலில் வளைவு வரைந்தால் கை தயங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முட்டு விழும், பிறகு அந்த முட்டை அழித்து அழித்து வளைவு செத்துப்போகும். பழுப்புத் தாளை எடுத்துக் கத்தரிக்கோலால் நேரடியாக உருவம் வெட்டுங்கள். தையற்காரர் கைக்குழி வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கத்தரிக்கோல் வாயை முழுக்க மூடாமல் துணியைத் திருப்பித் திருப்பி ஒரே ஓட்டமாக வெட்டுவார். அதே முறைதான். இருபது உருவங்கள் வெட்டித் தரையில் பரப்புங்கள்.

காம்பஸ் வேண்டாம். காம்பஸ் வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் வளைகிறது. அதில் கண் தங்குவதற்கு இடம் இல்லை. நல்ல வளைவு ஓரிடத்தில் சோம்பலாக நீண்டு, ஓரிடத்தில் சட்டென்று திரும்பும், ஆறு திரும்புவதுபோல. உங்கள் இருபதிலிருந்து மெதுவாகத் திரும்பும் பெரிய உருவம் ஒன்றையும், இறுக்கமாகத் திரும்பும் சிறிய உருவம் ஒன்றையும் எடுங்கள். இரண்டும் ஒரே குணமாக இருந்தால் படம் தூங்கிவிடும்.

இங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. வளைந்த உருவங்கள் எதையாவது போல ஆகிவிடும். என் முதல் அச்சை மூன்று வாரம் பாடுபட்டுச் செய்து காயப்போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சிறுமி பார்த்துவிட்டு, "மாமா, இந்த வாத்துக்கு ஏன் கால் இல்லை?" என்று கேட்டாள். அதன் பிறகு எனக்கும் அது வாத்தாகத்தான் தெரிந்தது, இன்றுவரை. மாங்காய், இலை, பறவை, கர்ப்பிணி ஆகிய நான்கும் அடிக்கடி வந்து நிற்கும். உருவத்தைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பி, வீட்டில் யாரிடமாவது காட்டி, "இது என்ன?" என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் அந்த வடிவத்தை விடுங்கள், அல்லது அதற்குப் பெயர் கொடுக்கும் நுனியை (வாத்தின் மூக்கை) வெட்டியெறியுங்கள். அவர் யோசித்தால், நல்லது.

இப்போது ஒன்றன் மேல் ஒன்று வைக்கும் வேலை. ஸ்டேஷனரி கடையில் விற்கும் வண்ண ஜெலட்டின் பேப்பரில் இரண்டு நிறம் வாங்கி, தேர்ந்த உருவங்களை அதில் வெட்டிச் சன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். மஞ்சளும் நீலமும் சேரும் இடத்தில் பச்சை எழுவதை மை செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். சிறியதை நகர்த்திக்கொண்டே இருங்கள். பெரிய உருவத்தின் நடுவில் முழுவதுமாக வைத்தால் பொட்டு வைத்ததுபோல் ஆகும். விளிம்பைத் தாண்டிக் கால் பங்கு வெளியே நிற்கட்டும். அப்போது ஒரே உருவம் உள்ளே பச்சை, வெளியே நீலம் என்று இரண்டு நிறமாகிறது. சேரும் இடமோ இரண்டு வளைவுகளும் வெட்டிக்கொள்ளும் பிறைத்துண்டாக, நீங்கள் வரையாத மூன்றாவது உருவமாக வந்து உட்காரும். அந்தப் பிறை எவ்வளவு ஒல்லி, எவ்வளவு பருமன் என்பதைத் தீர்மானிக்க ஒரு முழு மாலை செலவழித்தாலும் தகும்.

ஒரு பாய்ச்சலில் ஒரு வளைவு

சன்னலில் நிலைத்த அமைப்பை டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் எடுங்கள். பென்சில் பக்கம் லினோவைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்துத் தேய்த்தால் உருவம் இடவலம் மாறிக் கட்டையில் இறங்கும். அச்சிடும்போது மறுபடி மாறி, சன்னலில் பார்த்தபடியே வரும். முதல் கட்டையில் பெரிய உருவம் மட்டும். இரண்டாம் கட்டையை இப்போது தொட வேண்டாம்.

மணல் மூட்டைக்கு வருவோம். மர வேலைப்பாட்டுச் செதுக்கர்கள் தோல் மூட்டையில் மணல் நிரப்பி, அதன்மேல் கட்டையை வைத்துத் திருப்பித் திருப்பிச் செதுக்குவது பழைய வழக்கம். என்னுடையது கிழிந்த ஜீன்ஸ் காலில் தைத்தது, சோற்றுத்தட்டு அளவு. லினோ நெளியாமல் இருக்க ஒரு பிளைவுட் துண்டில் ஒட்டி, மூட்டைமேல் வைத்தால் விரல் நுனியால் தள்ளினாலே திரும்பும். கட்டையை அசையாமல் பிடிக்கும் கொக்கிப் பலகைகளைக் கடைகளில் விற்கிறார்கள். நேர்கோட்டுக்கு அவை சரி, வளைவுக்கு எதிரி.

சென்னை வெயிலில் லினோ தானே இளகியிருக்கும். ஊட்டியில் இருப்பவர்களும் டொரண்டோவில் இருப்பவர்களும் வெந்நீர்ப் பையை மேலே பத்து நிமிடம் வைத்து எடுத்தால், உளி வெண்ணெயில் போவதுபோல் போகும்.

'வி' உளியின் கைப்பிடி உள்ளங்கையில் புதைய, ஆள்காட்டி விரல் தண்டின்மேல் நீண்டிருக்கட்டும். கோட்டின்மேல் வெட்டாதீர்கள். கோட்டுக்கு ஒரு முடி அளவு வெளியே, வெட்டி எறியப்போகும் பக்கத்தில் வெட்டுங்கள். உளியைத் தாழ்வாகச் சாய்த்து, தடிப்பில் பாதிக்கும் குறைவாக இறக்குங்கள். வலது கை முன்னே தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. இடது கை, எப்போதும் உளி முனைக்குப் பின்னாலேயே இருந்தபடி, கட்டையின் ஓரத்தைப் பிடித்து உளியை நோக்கிச் சுழற்றும். முதலில் இரண்டு கையும் சண்டை போடும். தலையைத் தட்டிக்கொண்டே வயிற்றைத் தடவும் விளையாட்டுப் போலத்தான். கழிவுத் துண்டு ஒன்றில் அரை மணி நேரம் பழகினால் சமாதானமாகிவிடும். சரியாகப் போகிறதா என்பதைச் சீவலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சுருள் சுருளாக, அறுபடாமல், ஒரே அகலத்தில் வந்தால் வளைவு ஓடுகிறது. துண்டு துண்டாகத் தெறித்தால் நீங்கள் தள்ளவில்லை, குத்துகிறீர்கள்.

நடுவில் நிறுத்த வேண்டி வரும். வரட்டும். ஆனால் உளியைத் தூக்காதீர்கள். முனை பள்ளத்திலேயே இருக்கட்டும். மூச்சு விட்டு, கட்டையைத் திருப்பி, அங்கிருந்தே தொடருங்கள். தூக்கிவிட்டால் அரை அங்குலம் பின்னால் போய், வெட்டிய பள்ளத்திலேயே முனையை இறக்கி ஓடவிட்டு, அந்த ஓட்டத்திலேயே புதிய இடத்துக்குள் நுழையுங்கள். தூக்கிய இடத்திலேயே மறுபடி குத்தினால் அங்கே ஒரு மூலை விழும். கட்டையில் அது தெரியாது. மை பூசி அச்சிட்டதும் முகப்பருப்போல் முன்னால் வந்து நிற்கும்.

இறுக்கமான உள்வளைவில் உளி இன்னும் தாழ்ந்து, கட்டை இன்னும் வேகமாகத் திரும்ப வேண்டும். விளிம்புச் சரிவு வெளிப்பக்கமாக, மலையடிவாரம்போல் இருக்கட்டும். உட்பக்கமாகக் குடைந்துவிட்டால் பத்தாவது பிரதியில் விளிம்பு உடைந்துவிடும். ஓரம் முடிந்ததும் 'யூ' உளியால் மிச்சத்தை அகற்றுங்கள். இங்கே உளித்தடங்கள் கொஞ்சம் மேடாக நின்றால் அவையும் மை வாங்கிச் சிறு கீற்றுகளாக அச்சாகும். சிலர் அதை ரசித்து விட்டுவைப்பார்கள். நான் அகற்றிவிடுவேன். வளைவு பேசும்போது பக்கத்தில் யாரும் முணுமுணுக்கக் கூடாது.

மை கலப்பது, கொஞ்சம் சமையல்போல

மஞ்சளை அப்படியே போட்டால் கண்ணைக் குத்தும். ஒரு பங்கு மஞ்சளுக்கு இரண்டு பங்கு டிரான்ஸ்பரன்ட் ஒயிட், அதில் கடுகளவு மெஜந்தா. பழுத்த பங்கனப்பள்ளியின் நிறம் வரும். எப்போதும் வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைச் சேருங்கள். நீலத்தில் மஞ்சளைச் சேர்த்துச் சரிசெய்யப் போனால் டப்பா மஞ்சளும் தீர்ந்த பிறகும் நீலமாகவே இருக்கும். நீல மைக்கு ஒரு பங்கு சயன், ஒரு பங்கு டிரான்ஸ்பரன்ட் ஒயிட், கத்தி நுனியில் தொட்ட கறுப்பு.

கண்ணாடியில் குவிந்திருக்கும் மையைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யக் கூடாது. குவியலில் கருநீலமாகத் தெரிவது மெல்லிய படலமாக விழும்போது வானநீலமாகிவிடும். விரல் நுனியில் துளி மை தொட்டு, அச்சிடப்போகும் அதே காகிதத்தில் மறுபடி மறுபடி ஒற்றி, ஒற்றி மெலிய விடுங்கள். அந்தக் கடைசி ஒற்றலின் நிறம்தான் உங்களுக்குக் கிடைக்கப்போவது. மஞ்சளை ஒற்றிய இடத்தின்மேலேயே நீலத்தையும் ஒற்றிப் பாருங்கள். பச்சை எப்படி வரும் என்பது தெரிந்துவிடும். அது சேறாக வந்தால் மஞ்சளில் மெஜந்தா அதிகம். மிகவும் பளிச்சென்று பிளாஸ்டிக் கிளிபோல் வந்தால் நீலத்தில் இன்னொரு தொடு கறுப்பு.

பக்கத்தில் இருப்பதைப் பொறுத்தும் நிறம் மாறும். ஒரே சாம்பல் தாளை மஞ்சள்மேல் வைத்துப் பாருங்கள், பிறகு நீலத்தின்மேல் வைத்துப் பாருங்கள். முதல் இடத்தில் ஊதா சாயல் தட்டும், இரண்டாவதில் சற்றே ஆரஞ்சு தட்டும். ஜெர்மானிய ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் இந்த ஒன்றை வைத்தே தம் மாணவர்களை ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கினார். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: வெள்ளையை ஒட்டிய விளிம்பில் மஞ்சள் மங்கலாகவும், நீலத்தை ஒட்டிய விளிம்பில் அதே மஞ்சள் எரிவதாகவும் தெரியும். உங்கள் வளைவு வெள்ளையிலிருந்து நீலத்துக்குள் நுழையும் இடத்தில் இந்த மாற்றத்தைத் தேடிப் பாருங்கள். மை அங்கே மாறியிருக்காது, கண்தான் மாறியிருக்கும்.

தேய்த்தல்

முதலில் ஓர் இருக்கை செய்துகொள்வோம். தடித்த அட்டையில், லினோ கழிவிலிருந்து வெட்டிய 4 செ.மீ. அகலப் பட்டைகள் இரண்டை 'எல்' வடிவில் ஒட்டுங்கள். கட்டை அதன் உள்மூலையில் போய் உட்காரும். காகிதத்தின் மூலை 'எல்' பட்டையின் வெளிமூலையில் பொருந்தும். அதற்கு இரண்டு சிறு அட்டைத் தடுப்புகளை வெளியே ஒட்டிவிடுங்கள். 15-க்கு 20 கட்டைக்கு 23-க்கு 28 காகிதம் வெட்டினால் நான்கு பக்கமும் 4 செ.மீ. வெள்ளை நிற்கும். எல்லாக் காகிதங்களும் ஒரே அளவில், ஒரே மூலை நேர்த்தியில் இருக்க வேண்டும். நிறங்கள் ஒன்றோடொன்று சரியான இடத்தில் பொருந்துவதை அச்சகத்தில் 'ரெஜிஸ்டர்' என்பார்கள்; அது விலகினால் முதலாளி கத்துவார்.

மையைக் கண்ணாடியில் ஒரு பாதாம் பருப்பு அளவு வைத்து ரோலரால் பரப்புங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். மழை பெய்த சாலையில் சைக்கிள் டயர் ஓடும் ஓசை வந்தால் சரி. சப்சப்பென்று ஒட்டும் ஓசை வந்தால் மை அதிகம். பரப்பு வெல்வெட்போல் தெரிய வேண்டும், ஆரஞ்சுத் தோல்போல் அல்ல. கட்டையில் ஒரு திசையில் மட்டும் உருட்டாமல் குறுக்கும் நெடுக்கும் உருட்டுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ரோலர் ஒரு சுற்று முடித்து மறுசுற்றுத் தொடங்கும் இடத்தில் உருவத்தின் மங்கலான ஆவி ஒன்று பதியும். கனமாக ஒரே தடவை பூசுவதைவிட மெலிதாக ஐந்தாறு தடவை.

காகிதத்தைத் தடுப்புகளில் முட்டவைத்து மெதுவாக இறக்குங்கள். மேலே ஒரு பட்டர் தாள், அதன்மேல் கரண்டியின் முதுகு. நடுவிலிருந்து வெளியே சிறுசிறு வட்டமாகத் தேய்த்து, கடைசியில் விளிம்பை ஒட்டியே ஒரு சுற்று, நீங்கள் வெட்டிய அதே வளைவின் பாதையில். மெல்லிய காகிதம் என்றால் மையின் நிறம் முதுகில் கசிந்து தெரியும். எங்கே தேயவில்லை என்று அதுவே சொல்லிவிடும். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மறுமூலையைத் தூக்கி எட்டிப்பாருங்கள். ஐந்து நிமிடமாவது ஆகும். பதினைந்து பிரதி மஞ்சளில் எடுத்துக் கொடியில் மாட்டுங்கள். முடிவில் பத்து தேறினால் பெரிய காரியம்.

பதினைந்தாவதை மாட்டாமல், ஈரமாக இருக்கும்போதே ஒரு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்டையை, வெட்டாத வெறும் லினோவை, இருக்கையில் வைத்து, அந்த ஈர அச்சைத் தடுப்பில் முட்டவைத்து அதன்மேல் தேய்த்தால் மஞ்சள் உருவம் அப்படியே லினோவில் ஒட்டிவிடும். அது காய்ந்ததும் அதன்மேலேயே சிறிய உருவத்தின் டிரேசிங்கைக் கவிழ்த்து இறக்கி வெட்டலாம். மஞ்சள் எங்கே முடிகிறது என்று கண்ணெதிரே இருப்பதால் ஊகத்துக்கு வேலையில்லை. இரண்டு நிறமும் மேலேறாமல் வெறுமே ஒட்டி நிற்கும் இடம் ஏதாவது வைத்திருந்தால், ஒன்றின் விளிம்பை 1 மி.மீ. மற்றதன் உள்ளே போகவிடுங்கள். இல்லையென்றால் ரெஜிஸ்டர் சற்றே விலகும்போது நகக்கீறல்போல் ஒரு வெள்ளைப் பிறை எட்டிப் பார்க்கும். நேர்கோட்டில் அது கண்ணில் படாமல் போகலாம், வளைவில் தப்பாது.

காய்வதற்கு வெயில் காலத்தில் இரண்டு நாள். ஐப்பசி, கார்த்திகையில் நான்கைந்து நாளும் ஆகும். சென்னையில் அந்த மாதங்களில் அச்சிடும்போது பொறுமையும் கலவையில் ஒரு பகுதி. முழுக்கக் காய்வதற்கு முன் நீலத்தைப் போட்டால் அது மஞ்சள்மேல் ஒட்டாமல் புள்ளி புள்ளியாக விலகும். விரலால் தொட்டால் ஒட்டாமல், குளிர்ச்சியும் தெரியாமல் இருந்தால் நீலம் போடலாம். அச்சிடும் முறை அதேதான், இருக்கையும் அதே.

கழுவுவதைத் தள்ளிப்போடாதீர்கள். செய்தித்தாளால் மையை வழித்து, சமையல் எண்ணெய் ஊற்றித் துடைத்து, பாத்திரம் துலக்கும் சோப்பால் முடியுங்கள். மையும் ஆளி எண்ணெயும் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. நீரில் நனைத்து விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள். ரோலரின் ரப்பர் தரையில் படும்படி வைத்தால் ஒரு பக்கம் தட்டையாகும், ஆணியில் மாட்டுங்கள்.

கை பழகிய பின்

கண்ணாடியின் ஒரு முனையில் மஞ்சளும் மறுமுனையில் இளஞ்சிவப்பும் வைத்து ஒரே ரோலரால் ஒரே தடத்தில் உருட்டினால், நடுவில் இரண்டும் குழைந்து ஆரஞ்சாகும். அந்த ரோலரைக் கட்டையில் ஒரே திசையில்தான் ஓட்ட முடியும், ஆகவே நிறத்தின் மாற்றம் எப்போதும் நேர்ப்பட்டைகளாகவே விழும். வளைந்த உருவத்துக்குள் இந்த நேரான குழைவு விழும்போது உருவம் தட்டையாக இருக்க மறுத்து, உருண்டு புரள்வதுபோல் தோன்றும். முதல் முறை பார்க்கும்போது மாயம்போலத்தான் இருக்கும். அதனாலேயே இதைக் கண்ட புதியவர்கள் எல்லா அச்சிலும் இதைப் போட்டுவிடுகிறார்கள். பத்து அச்சுக்கு ஒன்றில் போதும்.

இந்தப் பாதை எங்கே போய்ச் சேரும் என்று பார்க்க விரும்பினால் கிருஷ்ணா ரெட்டியைப் பாருங்கள். ஆந்திரத்தில் 1925-இல் பிறந்து, சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்று, நாடு விடுதலை பெற்ற காலத்தில் சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். பின்னர் பாரிசில் ஸ்டான்லி ஹேட்டரின் அச்சுக்கூடமான அட்லியே 17-இல், ஒரே உலோகத் தகட்டில் பல நிறங்களை ஒரே அழுத்தத்தில் அச்சிடும் முறை உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. எண்ணெய் கூடிய மையும் எண்ணெய் குறைந்த மையும் ஒன்றையொன்று ஒதுக்கித் தள்ளும் என்பதே அதன் அடிப்படை. ஈர மஞ்சள்மேல் நீலம் ஒட்டவில்லை என்று சற்றுமுன் எரிச்சல்பட்டோமே, அதற்கு உறவான ஒரு குணத்தைத்தான் அவர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். 1963-இல் அவர் செய்த 'நீர்ச்சுழல்' அச்சில் தகடே ஒரு சிற்பம்போல ஆழமாகச் செதுக்கப்பட்டு, நிறங்கள் சுழலின் மடிப்புகளில் தேங்கி நிற்கின்றன. சென்னையில் கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமி மையத்தில் அச்சுக்கூடம் இருக்கிறது. பெரிய இயந்திரத்தில் அச்சு எடுப்பது எப்படி என்று நேரில் பார்ப்பதற்கு நல்ல இடம்.

இனி உங்கள் கொடிக்கு வருவோம். நீலமும் காய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். பச்சைப் பிறை எல்லாவற்றிலும் ஒரே பருமனில் இருக்கிறதா பாருங்கள். விலகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள், கத்தரித்து அடுத்த படத்துக்கு உருவம் பார்க்க உதவும். மிச்சத்தை நான்கு திசையிலும் திருப்பிப் பாருங்கள். அரூப அச்சுக்கு எது தலை, எது கால் என்பதைக் கட்டை சொல்லாது. நீங்கள் எந்தப் பக்கத்தைக் கீழே என்று நினைத்து வெட்டினீர்களோ அது சரியாக இல்லாமல் போகலாம். என்னுடையவற்றில் பாதி கடைசி நேரத்தில் கவிழ்ந்தவை. இரண்டு நாள் சுவரில் ஒட்டி, போகும்போதும் வரும்போதும் திருப்பிவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிறகு கீழே வரும் வெள்ளை ஓரத்தில், பென்சிலால், இடது பக்கம் 1/10, 2/10 என்று எண், நடுவில் தலைப்பு, வலது பக்கம் கையெழுத்து. பேனா வேண்டாம், மை மங்கும்.